ஒரு தோள் ஏறி, ஒரு தோள் இறங்கி

தையற்கடையில் அவளுக்குக் கத்தரியக்கா என்று பெயர். துணி வெட்டுவது அவள் வேலை. பேச்சிலும் வெட்டு அதிகம் என்பதால் பெயர் இரண்டு பக்கமும் பொருந்தி நிலைத்துவிட்டது. மருந்துக் கடைக்கும் சைக்கிள் பழுதுபார்க்கும் கடைக்கும் நடுவே நெருக்கிக்கொண்டு நிற்கிற கடை அது. நுழைந்ததும் முதலாளியின் மேசை, அதன் பின்னால் வரிசையாகத் தையல் மிஷின்கள், கடைசியில் ஜன்னலை ஒட்டி அவளுடைய வெட்டு மேசை. அதன் நான்கு கால்களுக்கும் அடியில் மரக்கட்டை வைத்து உயர்த்தியிருப்பார்கள். ரொம்ப நேரம் குனிந்தால் அவளுக்கு மூச்சு முட்டும்.

சட்டையில் நேர்க்கோடு ஒரு பெரிய விஷயமில்லை என்பது அவள் கட்சி. அதை ஸ்கேல் போட்டுவிடும். கழுத்தும் அக்குளும் வளைகிற இடத்தில்தான் வெட்டுகிறவளின் கை தெரியும். துணியை விரித்து, அளவுப் புள்ளிகளை வைத்துவிட்டு, சாக்கட்டியை ஒரே இழுப்பாக இழுப்பாள். தோளிலிருந்து கிளம்பிய கோடு உள்ளே போய், அக்குளில் திரும்பி, விலாப்பக்கம் வந்து நிற்கும். அழித்துத் திருத்துகிற பழக்கமே கிடையாது.

அவள் முதுகும் அப்படித்தான் வளைந்திருந்தது.

பதினொரு வயதில் ஆரம்பித்தது. வலது தோள் ஏறியது, இடது தோள் இறங்கியது. முதுகெலும்பு மேலே வலப்பக்கம் ஒதுங்கி, நடுவில் மனம் மாறினாற்போல இடப்பக்கம் திரும்பி, இடுப்புக்கு வரும்போது மறுபடி நடுவுக்கு வந்துவிட்டது. பள்ளிக்கூடத்தில் அவளைக் கேள்விக்குறி என்று கூப்பிட்டார்கள். பதில் தெரியாதவர்கள்தான் கேள்வியைப் பார்த்துச் சிரிப்பார்கள் என்று ஒரு பையனைப் பார்த்துச் சொன்னாள். அவள் நாக்கு கூராகத் தொடங்கியது அந்தக் காலத்தில்தான்.

ஆஸ்பத்திரியில் தோலும் இரும்பும் சேர்த்துச் செய்த ஒரு பட்டையை மாட்டிவிட்டார்கள். இரவும் பகலும் போட்டிருக்க வேண்டும். அது விலாவை அறுத்துப் புண்ணாக்கியது. பிள்ளை தூக்கத்தில் முனகுவதைக் கேட்கச் சகிக்காமல் அப்பா ஒருநாள் அதைக் கழற்றிப் பரணில் போட்டார். அதற்குப் பிறகு அம்மாவின் வைத்தியம். தினமும் சாயங்காலம் எண்ணெயைச் சூடு பண்ணி, மகளைக் குப்புறப் படுக்க வைத்து, கட்டை விரலால் எலும்பை நேர்ப்பக்கம் தள்ளித் தள்ளித் தேய்ப்பாள். மகளின் உயரம் நின்ற வயதில், இனிமேல் இந்த வளைவு அதிகமாகவும் ஆகாது, குறையவும் குறையாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அம்மா அதற்கப்புறமும் சில வருஷம் விடவில்லை.

அப்பா போன பிறகு அவள் தையற்கடைக்கு வந்தாள். தம்பியைப் படிக்க வைத்தாள், கல்யாணமும் பண்ணி வைத்தாள். அவளுக்கென்று கல்யாணப் பேச்சு இரண்டு முறை வந்து வாசலோடு திரும்பிப் போனது. மூன்றாவது தடவை வருவதாக இருந்தபோது, தனக்கு வேலை இருக்கிறது என்று சொல்லிக் கடைக்குக் கிளம்பிவிட்டாள். தனக்கு வேண்டிய துணியைத் தானே வெட்டித் தானே தைத்துக்கொள்வாள். இறங்கிய தோளுக்குள் பஞ்சு வைப்பாள், முதுகுத் துண்டை இரண்டாகப் பிரித்து ஒரு பக்கம் அகலமாகவும் மறுபக்கம் ஒடுக்கமாகவும் வெட்டி, மேலே ஒரு தொளதொளத்த கோட்டும் போட்டுக்கொள்வாள். புதிதாகப் பார்க்கிறவர்களுக்கு, ஏதோ சாய்ந்து நிற்கிறாள் என்று மட்டும் தோன்றும்.

வீட்டில் அந்தப் பேச்சே கிடையாது. முதுகு என்ற சொல்லையே யாரும் எடுப்பதில்லை. அம்மாகூட "அது வலிக்குதா?" என்றுதான் கேட்பாள். கடையின் அளவு பார்க்கும் அறையில் இரண்டு பக்கமும் கண்ணாடி இருந்தது. அதற்குள் போனால் தலையைக் குனிந்தே போய்க் குனிந்தே வருவாள். நாற்பத்து மூன்று வயது வரைக்கும் தன் முதுகை அவள் பார்த்ததில்லை.

அந்த வயதில்தான் ஓவிய வாத்தியார் கடைக்கு வந்தார். அச்சகத்து மாடியில் வகுப்பு நடத்துகிறவர், நெடுநெடுவென்று உயரம், நகக்கண்ணில் எப்போதும் கரி. வகுப்புக்குக் கறுப்புத் திரை தைக்க வேண்டுமென்று வந்தவர், அவள் துணி வெட்டுவதைப் பார்த்தபடி திரையை மறந்து நின்றுவிட்டார். முதலாளி இரண்டு தடவை கனைத்துப் பார்த்தார். வாத்தியார் நேராக வெட்டு மேசைக்கு வந்து, தன் மாணவர்கள் அவளை வரைய முடியுமா என்று கேட்டார்.

"என் முகத்துல வரையற மாதிரி என்ன இருக்கு?"

"முகம் இல்லம்மா. முதுகு."

மிஷின்கள் ஒவ்வொன்றாக நின்றன. அவள் கத்தரியைக் கீழே வைத்தாள்.

"வேடிக்கை பாக்கணும்னா தெருவுலயே பாக்கலாமே. அதுக்கு எதுக்கு மாடி ஏறணும்?"

வாத்தியார் மன்னிப்புக் கேட்டுக் குழையவில்லை. உள்ளதைச் சொன்னார். வழக்கமாக மாடலாக வருகிறவர் ஒரு ஆட்டக்காரர். மேடையில் ஆடி ஓய்ந்த மனிதர். அவருக்கு முட்டியில் அறுவை சிகிச்சை நடந்திருக்கிறது. ஒரு வருஷமாக அவரையே வரைந்து வரைந்து, பிள்ளைகளுக்கு நெளிவான கோடு கைப்பாடம் ஆகிவிட்டது. ஆளைப் பார்க்காமலே அழகாகப் போட்டுவிடுகிறார்கள். அவர்களுக்குத் தெரியாத ஒரு கோடு வேண்டும். பார்த்தால்தான் போட முடியும் என்கிற கோடு. இவ்வளவையும் சொல்லிவிட்டு, திரைக்கு அளவு கொடுத்துவிட்டுப் போனார்.

ஒரு வாரம் அவள் யாரோடும் முகம் கொடுத்துப் பேசவில்லை. அந்த வாரம் வெட்டிய ஒரு கோட்டுச் சட்டையின் கையில் பிசகு வந்தது. முதலாளி அதைப் பார்த்தும் பார்க்காததுபோல இருந்துவிட்டார். அடுத்த சனிக்கிழமை, திரை தைத்து முடிந்ததும், பையனிடம் கொடுத்து அனுப்பாமல் தானே தூக்கிக்கொண்டு கிளம்பினாள். ஏன் போனாள் என்று பிற்பாடு பலர் கேட்டிருக்கிறார்கள். "அந்த ஆளு முதுகுன்னு சொன்னாரு. அதான்" என்பாள்.

வகுப்பில் எட்டுப் பேர் இருந்தார்கள். ஒரு நர்ஸ், ஓய்வு பெற்ற பஸ் டிரைவர் ஒருவர், கல்லூரிப் பிள்ளைகள் சிலர், தடிமனான கண்ணாடி போட்ட ஒரு பெண். கீழே அச்சு மிஷின் ஓடினால் மாடித் தரை லேசாக அதிரும். நடுவில் ஒரு ஸ்டூல் போட்டிருந்தது. அன்றைக்குத் தொளதொளத்த கோட்டோடுதான் உட்கார்ந்தாள். வாத்தியாரும் அப்படியே வரையச் சொன்னார். அடுத்த வாரம் கோட்டைக் கழற்றி ஆணியில் மாட்டினாள். அதற்கும் அடுத்த வாரம், பஞ்சு வைக்காத, நைந்து மெலிந்த ஒரு பழைய சட்டையைப் போட்டுக்கொண்டு வந்து, எட்டுப் பேருக்கும் முதுகைக் காட்டி, சுவரைப் பார்த்து உட்கார்ந்தாள்.

அப்படி உட்காருவது லேசான காரியமாக இல்லை. தெருவில் போகும்போது பின்னாலிருந்து விழுகிற பார்வை அவளுக்கு நன்றாகத் தெரியும். பின்கழுத்தில் ஈ உட்கார்ந்ததுபோல இருக்கும். இங்கே எட்டு ஜோடிக் கண். காகிதத்தில் கரி உரசுகிற சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. சுவரில் ஒரு விரிசல் இருந்தது. அது எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று பார்த்தபடி பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

இடைவேளையில் டீ வந்தது. கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு பலகையாகப் பார்த்தபடி சுற்றி வந்தாள். நர்ஸின் காகிதத்தில் ஒரு பெண் நேராக உட்கார்ந்திருந்தாள். பஸ் டிரைவர் கம்பம் நட்டதுபோல வரைந்திருந்தார். கல்லூரிப் பிள்ளைகள் கொஞ்சம் சாய்த்திருந்தார்கள், அவ்வளவுதான். யாருக்கும் கெட்ட எண்ணமில்லை. ஒரு மனுஷியின் குறையைத் தங்கள் கையால் போடக் கூடாது என்ற மரியாதை. அவளுக்கு அது புரிந்தது.

"யாரும்மா இவங்க எல்லாம்?" என்று மெதுவாகக் கேட்டாள். "எனக்குத் தெரியாதவங்களா இருக்காங்களே."

பஸ் டிரைவர் டீயை ஊதிக்கொண்டிருந்தார், அது ஆறி வெகு நேரமாகியும்.

கடைசிப் பலகையில் கண்ணாடிக்காரப் பெண் தன் காகிதத்தை இரண்டு கையாலும் மூடிக்கொண்டு நின்றாள். கையை எடு என்றாள் இவள். அந்தப் பெண் தலையை ஆட்டினாள். தன்னை மன்னிக்க வேண்டும், தான் கண்ணுக்குத் தெரிந்ததை அப்படியே போட்டுவிட்டதாகச் சொன்னாள்.

"அத பாக்கத்தாம்மா கேக்கறேன். எடு."

கை விலகியது.

ஒரே கோடு. கழுத்தடியில் தொடங்கி, வலப்பக்கம் ஒதுங்கி, அங்கே கொஞ்சம் தயங்கி, பின் இடப்பக்கம் நீளமாகச் சரிந்து, இடுப்புக்கு மேல் மறுபடி நடுவுக்கு வந்திருந்தது. இரண்டு பக்கமும் விலா. ஒரு தோள் ஏறி, ஒரு தோள் இறங்கி. கத்தரியக்கா டீயைப் பக்கத்து ஸ்டூலில் வைத்துவிட்டுக் குனிந்து பார்த்தாள். அழகாக இருக்கிறது என்று அவளுக்குத் தோன்றவில்லை. அசிங்கமாக இருக்கிறது என்றும் தோன்றவில்லை. இத்தனை வருஷம் கூடவே இருந்த ஒருவரை இப்போதுதான் நேரில் பார்த்ததுபோல இருந்தது. தான் மனசுக்குள் வைத்திருந்த முதுகு இதைவிட எவ்வளவோ கோரமானது.

வாத்தியார் பக்கத்தில் வந்து நின்றார். ஒரு நூலில் சாவியைக் கட்டி, படத்தில் தலை இருந்த இடத்திலிருந்து தொங்கவிட்டார். நூல் நேராக இறங்கி இடுப்பின் நடுவில் வந்து நின்றது.

"பாருங்க. தலை எங்கேயும் போகல. முதுகு ஒரு பக்கம் போனதும், மறுபக்கம் திரும்பி வந்து தலையைத் தாங்கிப் பிடிச்சிருக்கு. சரிவுல முளைச்ச மரம் இப்படித்தான் வளைஞ்சு நிமிரும்."

அவள் நூலையும் கோட்டையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு, டீ ஆறிவிட்டது, வேறு கிடைக்குமா என்று கேட்டாள்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை, கடை விடுமுறை. சாவி வாங்கிக்கொண்டு போய்த் தனியாகத் திறந்தாள். அளவு பார்க்கும் அறைக்குள் போய் இரண்டு கண்ணாடிக்கும் நடுவே நின்று, டேப்பைப் பிடித்துத் தன் முதுகை அளந்தாள். கை எட்டாத இடத்தில் குத்துமதிப்பாக வைத்துக்கொண்டாள். கழுத்திலிருந்து இடுப்பு வரை பின்பக்கம் திறந்திருக்கிற ஒரு சட்டையை வெட்டினாள். எதையும் மறைக்காமல், உள்ளபடிக்கு. மத்தியானத்துக்குள் தைத்து முடித்துவிட்டாள்.

அடுத்த சனிக்கிழமை அந்தச் சட்டையோடு உட்கார்ந்தபோது வகுப்பில் கரி உரசும் சத்தம் வேறு மாதிரி இருந்தது. நிறுத்தி நிறுத்திப் போட்டார்கள். ஆளைப் பார்த்தார்கள், காகிதத்தைப் பார்த்தார்கள், திரும்ப ஆளைப் பார்த்தார்கள். பஸ் டிரைவர் மலைப்பாதைத் திருப்பத்தில் வண்டி ஓட்டுவதுபோல உடம்பைச் சாய்த்துச் சாய்த்து வரைந்ததாகக் கண்ணாடிக்காரப் பெண் சொல்லிச் சிரித்தாள்.

இரண்டு மாதம் கழித்து ஆட்டக்காரர் தடி ஊன்றிக்கொண்டு வந்து சேர்ந்தார். ஐம்பது வயதுக்குப் பக்கம், ஒடிசலான ஆள், வாய் ஓயாது. தன் ஸ்டூலில் வேறு ஒருத்தி உட்கார்ந்திருப்பதைப் பார்த்து, நாற்காலி பறிபோய்விட்டதே என்று கேலி பண்ணினார். முட்டி சரியானால் வந்து மீட்டுக்கொள்ளுங்கள் என்றாள் இவள். வாத்தியார் இரண்டு பேரையும் பக்கம் பக்கமாக உட்கார வைத்தார். ஆட்டக்காரர் அவளை ஓரக்கண்ணால் பார்த்து, அவள் உட்கார்ந்திருக்கிற விதத்தைத் தன் உடம்பில் கொண்டுவந்தார். வலது தோளை ஏற்றினார், விலாவை ஒடித்தார், இடுப்பைத் திருப்பினார். மேடையில் எத்தனையோ வடிவம் பிடித்து நின்ற உடம்பு. ஆனாலும் கொஞ்ச நேரத்திலேயே நடுங்க ஆரம்பித்தது. மூச்சு வாங்கியபடி அப்படியே தளர்ந்து உட்கார்ந்துவிட்டார்.

"என்னால பத்து நிமிஷம் தாங்க முடியல. நீங்க எப்படி இந்த வடிவத்துலயே நிக்கறீங்க?"

"நான் நிக்கலைங்க. இருக்கேன்."

ஆட்டக்காரர் அன்று ஒரு காகிதம் கேட்டு வாங்கி, வகுப்பு முடியும்வரை மாணவர்களோடு உட்கார்ந்து அவளை வரைந்தார். அவர் கரியைத் தொட்டதை அதற்கு முன் யாரும் பார்த்ததில்லையாம்.

எல்லாம் இப்படி நல்லபடியாகப் போய்க்கொண்டிருந்தபோது விஷயம் தம்பி காதுக்கு எட்டியது. அச்சகத்தில் வேலை பார்க்கிற ஒருவன் பஸ்ஸில் அவனைப் பார்த்து, உங்க அக்கா மாடியில் படத்துக்கு உட்காருகிறாராமே என்று கேட்டிருக்கிறான். கேட்டவன் சாதாரணமாகத்தான் கேட்டான். தம்பி அதை வேறு மாதிரி எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தான். சனிக்கிழமை ஓவர்டைம் என்று சொன்னதெல்லாம் இதற்குத்தானா என்று ஆரம்பித்தான். ஊர் பேர் தெரியாதவர்கள் நடுவில் போய் உட்காருவது என்ன வேலை, அவர்கள் படம் என்ற பேரில் என்ன பண்ணுகிறார்களோ, நாளைக்குத் தன் ஆபீஸில் யார் முகத்தில் முழிப்பது என்று கூடத்துக்கும் சமையலறைக்குமாக நடந்துகொண்டே பேசினான். அவள் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். பேசட்டும் என்று விட்டாள். சின்ன வயதில் அவன் அழுதால் முடிகிற வரைக்கும் விட்டுவிடுவாளே, அதுபோல.

கடைசியில் அவன் சொன்னதுதான் தைத்தது.

"ஊரே பாக்கட்டும்னா இத்தன வருஷம் நாங்க மறைச்சு வெச்சோம்?"

சொன்ன பிறகு அவனுக்கே உறைத்தது. நடை நின்றுவிட்டது. தம்பி மனைவி அடுப்பை அணைத்துவிட்டு வந்து, அவன் கையைப் பிடித்து உட்கார வைத்தாள்.

கத்தரியக்காவுக்குப் பதில் சொல்ல எத்தனையோ இருந்தது. மறைத்ததெல்லாம் அவன் இல்லை, தைத்துத் தைத்து மறைத்தவள் அவள்தான். ஆனால் அவள் சாப்பாட்டைப் பாதியில் விட்டு எழுந்தாள். தட்டைக் கழுவி வைத்துவிட்டு மாடிக்குப் போய்த் துணி மடிக்க ஆரம்பித்தாள். அம்மா மூலையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள்.

அந்த வாரம் அவள் வகுப்புக்குப் போகவில்லை. அதற்கடுத்த வாரமும் போகவில்லை. கோட்டை எடுத்துப் போட்டுக்கொண்டாள். இரண்டாவது சனிக்கிழமை கடையிலிருந்து திரும்பியபோது வீட்டில் அம்மா மட்டும் இருந்தாள். அம்மாவின் கட்டிலில் ஒரு காகிதம் விரித்துக் கிடந்தது. சுருண்டுகொள்ளாமல் இருக்க ஒரு முனையில் தண்ணீர்ச் செம்பு, இன்னொரு முனையில் மூக்குக் கண்ணாடிக் கூடு. பின்பக்கம் திறந்த சட்டையோடு உட்கார்ந்த நாளில் கண்ணாடிக்காரப் பெண் வரைந்து கொடுத்த படம். சுருட்டி அலமாரி மேல் வைத்திருந்தாள். அம்மா எப்போது எடுத்தாள் என்று தெரியவில்லை.

"இங்க வா" என்றாள் அம்மா.

அவள் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தாள். அம்மா விரலைக் கழுத்தடியில் வைத்து, கோட்டின் மேலேயே இழுத்துக்கொண்டு போனாள். பாதி வழியில் கண்ணை மூடிக்கொண்டாள். விரல் பிசகாமல் போனது. ஒதுங்கிய இடத்தில் ஒதுங்கி, திரும்பிய இடத்தில் திரும்பி இடுப்புக்கு வந்து சேர்ந்தது. கண்ணைத் திறந்து, விலாவுக்குக் கீழே ஒரு இடத்தைத் தட்டிக் காட்டினாள்.

"இங்க உனக்கு ஒரு மச்சம் இருக்கு. அந்தப் பொண்ணு விட்டுட்டா."

"எனக்கே தெரியாதேம்மா."

"உனக்கு எப்படித் தெரியும்? நான் தேச்ச முதுகு." அம்மா காகிதத்தை உள்ளங்கையால் நீவிவிட்டாள். "எத்தன வருஷம் தேச்சிருப்பேன். நேராகுதா, நேராகுதான்னு மட்டும்தான் பாத்தேன். எப்படி இருக்குன்னு ஒரு நாள்கூட பாக்கல."

இரண்டு பேரும் அழவில்லை. அம்மா செம்பை எடுத்ததும் காகிதம் பாதி சுருண்டுகொண்டது. அடுத்த சனிக்கிழமை போகிறாயா என்று கேட்டாள். தம்பி என்ன சொல்வானோ என்று மகள் இழுத்தாள். அவனைப் பெற்றது நான், அவன் என்ன சொல்வான் என்று எனக்குத் தெரியும், நீ போ என்றாள் அம்மா. கூடவே, அந்த மச்சத்தைப் போடச் சொல் என்றும் சொன்னாள்.

தம்பி அதற்கப்புறம் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. அச்சகத்து மாடிக்கு அவன் ஒரு நாளும் வரவில்லை. ஆனால் சனிக்கிழமை மத்தியானம் வானம் இருட்டியிருந்தால், அக்கா, குடை எடுத்துக்கோ என்று பேப்பரிலிருந்து தலையை எடுக்காமல் சொல்வான். அவனால் முடிந்தது அது. அவளும் அதற்கு மேல் எதிர்பார்க்கவில்லை.

வருஷக் கடைசியில் வகுப்பில் எல்லாப் படங்களையும் சுவரில் மாட்டி, உறவுக்காரர்களையும் தெரிந்தவர்களையும் கூப்பிட்டிருந்தார்கள். கடை முதலாளி மனைவியோடு வந்தார். தம்பி மனைவி அம்மாவைக் கைப்பிடித்து மாடி ஏற்றிக் கொண்டுவந்தாள். மூன்று சுவரிலும் அவள் முதுகுதான். கரியில், மையில், நீர் வண்ணத்தில். முதலாளி ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டு வந்து, இருபது வருஷத்துக்கு மேல் கூட வேலை பார்க்கிறேன், எனக்கு உன் முகத்தைவிட இது பழக்கம் என்றார். அது பாராட்டா, கிண்டலா என்று அவருக்கே தெரியவில்லை. அவள் சிரித்துவிட்டாள்.

படம் பார்த்து முடிந்ததும் பலகைகளையும் ஸ்டூல்களையும் ஓரம் தள்ளினார்கள். யாரோ பாட்டு வைத்தார்கள். கல்லூரிப் பிள்ளைகள் ஆடத் தொடங்கினார்கள். நர்ஸ் வாத்தியாரை இழுத்துக்கொண்டு போனாள். கத்தரியக்கா அம்மாவுக்குப் பக்கத்தில் சுவரோரமாக உட்கார்ந்திருந்தாள். ஆட்டக்காரர் தடியைச் சுவரில் சாத்திவிட்டு அவள் எதிரே வந்து நின்றார்.

"வாங்க."

"எனக்கு ஆடத் தெரியாது."

"எனக்கு முட்டி இல்ல. ரெண்டு பேருக்கும் கணக்கு சரியாப் போச்சு."

அம்மா முழங்கையால் இடித்தாள். எழுந்து போனாள். ஆட்டக்காரர் ஒரு கையைப் பிடித்து, மறு கையை அவள் தோளில் வைத்தார். ஏறிய தோளில். மெல்ல வலப்பக்கமாகச் சுழற்றப் பார்த்தார். பாதி திரும்பியதும் விலா இடித்தது, காலும் தடுமாறியது. பக்கத்தில் ஆடியவர்கள் ஒதுங்கினார்கள். போதும் என்று கையை உருவிக்கொள்ளப் பார்த்தாள்.

"இந்தப் பக்கம் வராதா?"

"வராது. எலும்பு இடிக்கும்."

"அந்தப் பக்கம்?"

அவள் யோசித்தாள். யாரும் அவளை அப்படிக் கேட்டதில்லை. இடப்பக்கம் திரும்பிப் பார்த்தாள். உடம்பு போயிற்று. தடையில்லாமல், இவ்வளவு நாள் அதற்காகவே காத்திருந்ததுபோலப் போயிற்று. இடுப்பு முதலில் திரும்பியது, விலா அதன் பின்னால் வந்தது, தோள் கடைசியாக வந்து சேர்ந்தது. ஒரு சுற்று முடிந்து அவள் மறுபடி அவர் முகத்தைப் பார்த்தபோது அவர் வாயைத் திறந்தபடி நின்றார்.

"அப்ப இடது பக்கமாவே சுத்துவோம். என் முட்டிக்கும் அதுதான் சௌகரியம்."

அவருடைய எந்த முட்டிக்கு அது சௌகரியம் என்று அவளுக்குச் சந்தேகமாகத்தான் இருந்தது. கேட்கவில்லை. இரண்டு பேரும் இடது பக்கமாகவே சுழன்றார்கள். மற்றவர்கள் இஷ்டத்துக்குச் சுற்றியதால் ஆளோடு ஆள் மோதியது. பஸ் டிரைவர் நடுவில் வந்து நின்று கையைத் தூக்கினார்.

"எல்லாரும் இடது பக்கமாப் போங்கப்பா. இது ஒருவழிப் பாதை."

சிரித்துக்கொண்டே எல்லோரும் அப்படியே திரும்பினார்கள். வாத்தியாரும் நர்ஸும், கண்ணாடிக்காரப் பெண்ணும் கல்லூரிப் பிள்ளைகளும், கடைசியில் முதலாளியும் அவர் மனைவியும்கூட. கூடம் முழுவதும் ஒரே பக்கமாகச் சுழன்றது. நடுவில் அவளுக்கு மூச்சு வாங்கியது. ஆட்டக்காரர் நின்றார். என்ன ஆச்சு, தண்ணீர் வேண்டுமா என்றெல்லாம் பதறவில்லை. கையை விடாமல் சும்மா நின்றார். மூச்சு திரும்பி வந்ததும், அவளாகவே இடப்பக்கம் அடி எடுத்து வைத்தாள்.

அதன் பிறகு ஆட்டக்காரருக்குத் தையற்கடையில் திடீரென்று நிறைய வேலை வந்தது. ஒரே கால்சட்டையைச் சின்னதாக்கக் கொடுப்பார், பெரிதாக்கக் கொடுப்பார், பொத்தானை மாற்றச் சொல்வார். இந்தத் துணி இனி தாங்காது, பேசவேண்டியதைப் பேசிவிடுங்கள் என்று முதலாளியே ஒரு நாள் சொல்லிவிட்டார். மறு வருஷம் பதிவு அலுவலகத்தில் கல்யாணம் நடந்தது. அம்மாவும் தம்பி மனைவியும் முதலாளியும் சாட்சிக் கையெழுத்துப் போட்டார்கள். தம்பி ஆபீஸிலிருந்து நேராக வந்தான், கொஞ்சம் தாமதமாக. ஆட்டக்காரரின் கையைப் பிடித்துக் குலுக்கினான். என்ன சொல்வதென்று தெரியாமல், அக்காவுக்கு மாடி ஏறினால் மூச்சு வாங்கும், பார்த்துக்கொள்ளுங்கள் என்றான்.

வாடகைக்குக் கிடைத்த வீடு மூன்றாவது மாடியில்தான். கீழ்வீடு கிடைக்கவில்லை. அவளுக்கு மூச்சு, அவருக்கு முட்டி. சாயங்காலம் இரண்டு பேரும் காய்கறிப் பையோடு ஏறும்போது பாதி வழியில் படியிலேயே உட்கார்ந்துவிடுவார்கள். மேலே போகிறவர்களும் கீழே வருகிறவர்களும் ஒதுங்கி ஒதுங்கிப் போவார்கள். முதலில் எல்லோரும் உதவட்டுமா என்று கேட்டுக்கொண்டிருந்தார்கள், இப்போது கேட்பதில்லை. அந்தப் படி அவர்களுடையது என்று ஆகிவிட்டது.

போன வாரம்கூட அப்படி உட்கார்ந்திருந்தபோது, எதிர்வீட்டுப் பெண் புதிதாக ஒரு துணி எடுத்திருப்பதாகவும், கழுத்து எப்படி வெட்டினால் நன்றாக இருக்கும் என்றும் கேட்டிருக்கிறாள். கத்தரியக்கா பையைக் கணவரின் மடியில் வைத்துவிட்டு, அந்தப் பெண்ணைக் கொஞ்சம் திரும்பி நிற்கச் சொன்னாள். விரலால் காற்றில் ஒரு வளைவு போட்டுக் காட்டினாள்.

"துணிய நாளைக்குக் கடைக்கு எடுத்துட்டு வா" என்றாள். "இப்ப தள்ளி நில்லு, நாங்க ஏறணும்."